குடை முளைக்காத கடற்கரை

கிரேக்க சர்க்கார் 2024-ஆம் ஆண்டில் தன் தேசத்துக் கடற்கரைகளுள் 198-ஐத் தேர்ந்தெடுத்து, அவற்றிற்குக் 'கால் படாத கரைகள்' என்று பெயரும் சூட்டி, அங்கே வாடகைச் சாய்வு நாற்காலி போடுவதும், குடை நடுவதும், வாகனங்களைக் கொண்டுவந்து நிறுத்துவதும், ஒலிபெருக்கி வைப்பதும், பத்துப் பேருக்கு மேல் கூட்டம் சேர்த்துக் கேளிக்கை நடத்துவதும் கூடாதென்று உத்தரவிட்டது. அடுத்த வருஷமே அந்த ஜாபிதா இன்னும் நீண்டது. கால் படாத இடத்தின் பெயரையும் விலாசத்தையும் ஊரறிய வெளியிட்டுவிட்டால் அதன் பிறகு அங்கே கால் படாமல் இருக்குமா என்று பரிகாசம் செய்தவர்களும் உண்டு. பரிகாசத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், ஒரு கரை யாருக்கும் தெரியாத காரணத்தாலேயே பிழைத்துக் கிடந்த காலம், ஆகாயத்திலிருந்து எடுத்த படம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வந்து உட்கார்ந்த நாளோடு முடிந்துபோயிற்று. மறைவு என்னும் காவல் போன பிறகு மிஞ்சியிருப்பது கட்டுப்பாடு என்னும் காவல் ஒன்றுதான். ஆகவே இந்த உத்தரவு நல்லது என்பதும், தாமதமாக வந்தது என்பதும், போதாது என்பதும் என் அபிப்பிராயம்.

ஒரு கோடிக்குச் சற்று அதிகமான ஜனத்தொகை கொண்ட அந்தத் தேசத்துக்கு வருஷந்தோறும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட விருந்தாளிகள் வந்து போகிறார்கள். பார்த்தெனான் ஆலயத்தின் தூண்களை ஒரு காலைப் பொழுதில் பார்த்து முடித்துவிட்டு, மிச்ச நாட்களையெல்லாம் வெயிலிலும் நீலக் கடலிலும் கழிக்கவே அவர்களில் பெரும்பாலோர் வருகிறார்கள் என்பதால், அந்த நாட்டில் மணலுக்கு ஏற்பட்டிருக்கும் மதிப்பு மண்ணுக்கு இல்லை. மைக்கனோஸ் போன்ற தீவுகளில் தண்ணீருக்கு அருகே முதல் வரிசையில் ஒரு ஜோடி நாற்காலியும் ஒரு குடையும் ஒரு பகல் பொழுதுக்கு எடுப்பதற்குக் கேட்கப்படும் வாடகை, கேட்பவரைத் திகைக்க வைக்கும். வாடகையாவது போகட்டும், வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகிப் பெருகி, சொந்தத் துண்டை விரித்துப் படுக்க நினைக்கும் உள்ளூர்க்காரனுக்கு ஒரு முழ மணல்கூட மிஞ்சாத நிலைமை வந்து, 2023-ஆம் ஆண்டுக் கோடையில் பாரோஸ் தீவின் ஜனங்கள் பொறுமை இழந்து, தங்கள் கரைகளைத் திருப்பித் தரும்படி கடலோரத்திலேயே அணிவகுத்து நின்றார்கள். 'துண்டு இயக்கம்' என்று பெயர் பெற்ற அந்தக் கிளர்ச்சி நாக்ஸோஸுக்கும் வேறு பல தீவுகளுக்கும் பரவிய பின்னர்தான் ஏதென்ஸ் நகரத்து அதிகாரிகளுக்குச் சுறுசுறுப்பு வந்தது. மறு வருஷம் பிறந்த சட்டத்தின்படி, குத்தகைக்கு விடப்படும் எந்தக் கரையிலும் பாதியாவது வெறுமையாக இருக்க வேண்டும். இயற்கைப் பாதுகாப்புக்கென ஒதுக்கிய பிரதேசமானால் நூற்றுக்கு எழுபது பங்கு வெறுமையாக இருக்க வேண்டும். நாற்காலிக்கும் அலையின் விளிம்புக்கும் இடையே நான்கு மீட்டராவது விட வேண்டும். மீறுகிறவர்களைப் பற்றிப் பிரஜைகளே புகார் அனுப்புவதற்கு ஒரு கைப்பேசிச் செயலியும் ஏற்பட்டது.

கரை எல்லோருக்கும் பொது என்னும் இந்த உரிமை நேற்று முளைத்த புதுமை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. கான்ஸ்டான்டினோப்பிள் நகரிலிருந்து ஆண்ட ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 533-ஆம் ஆண்டில் வெளியிட்ட தர்மசாஸ்திரப் பாடநூல், காற்றும், ஓடுகிற நீரும், சமுத்திரமும், அதனால் சமுத்திரத்தின் கரையும் இயற்கை நியாயப்படி எல்லோருக்கும் பொது என்று விதித்து, கரை என்பது எதுவரை என்ற கேள்விக்கு, மாரிக்காலத்துப் பேரலை எதுவரை ஏறுகிறதோ அதுவரை என்று விடையும் சொல்லியிருக்கிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து, 2001-ஆம் ஆண்டில் கிரேக்கர்கள் இயற்றிய கடற்கரைச் சட்டமும் ஏறக்குறைய இதே அளவுகோலை வைத்துத்தான் பொதுக் கரையின் எல்லையைக் குறிக்கிறது. கோடைக்காலத்துச் சாதுவான கடலைப் பார்த்து எல்லை போடாமல், அது சீறி எழும் மாதங்களைப் பார்த்து எல்லை போட்ட அந்தப் பழைய நியாயவாதிகளின் முன்யோசனையை நான் வியக்கிறேன். கோடையில் நாற்காலி போடுகிறவனுக்குக் கடல் எவ்வளவு தூரம் தனது என்று உரிமை கொண்டாடும் என்பது தெரியாது. மாரிக்காலத்தில் அவன் அங்கே இருப்பதில்லை.

குடையும் நாற்காலியும் இல்லாத கரை எப்படியிருக்கும் என்பதை அறிய விரும்பி, கிரீட் தீவுக்கும் தெற்கே, லிபியக் கடலின் நடுவே கிடக்கும் கவ்தோஸ் என்னும் சிறு தீவுக்கு ஒரு செப்டம்பர் மாதத்தில் போயிருந்தேன். ஐரோப்பாக் கண்டத்தின் தென்கோடி அதுதான். திரிப்பித்தி முனையில், மூன்று வளைவுகளாகக் கடல் குடைந்த பாறைக்கு மேல், பெரிய மர நாற்காலி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். (அந்தத் தீவில் நான் ஆக்ஷேபிக்காத நாற்காலி அது ஒன்றே.) முப்பது சதுரக் கிலோமீட்டர் அளவுள்ள அந்த நிலத்தில் நிலையாகக் குடியிருப்போர் சில நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். கிரீட்டின் தென்கரையில் ஸ்ஃபாக்கியா, பலெயோகோரா ஆகிய சிற்றூர்களிலிருந்து புறப்படும் படகு, காற்று அனுமதித்தால் போகும். அனுமதிக்காவிட்டால், போக வேண்டியவர்கள் இந்தக் கரையிலும் வர வேண்டியவர்கள் அந்தக் கரையிலும் தங்கி, சாப்பாட்டுக் கடைக்காரருக்கு எதிர்பாராத வரும்படி தேடித் தருவார்கள். காற்று எப்போது தணியும் என்று கேட்டால் அங்கே யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்குகிறார்கள். இந்த நிச்சயமின்மையைக் குறையென்று சொல்கிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கவ்தோஸ் கவ்தோஸாகவே இருப்பதற்கு, சட்டப் புத்தகங்கள் அனைத்தையும்விட அந்தக் காற்று அதிகமாக உழைத்திருக்கிறது என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கரவே என்னும் துறையில் இறங்கி, சிறிய பஸ்ஸில் ஏறி, சாலை முடிகிற இடத்தில் இறங்கி, அதற்கப்பால் மணல் மேடுகளினூடே நடந்துதான் வடகரையிலுள்ள ஆயியோஸ் இயோவானிஸ் கரையை அடைய வேண்டும். வழியெங்கும் ஊரார் கேத்ரோஸ் என்று அழைக்கும் ஜூனிப்பர் மரங்கள். மரம் என்றதும் நிமிர்ந்து நிற்கும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டாம். காற்று எந்தப் பக்கம் தள்ளிற்றோ அந்தப் பக்கமே சாய்ந்து, மணலில் முழங்கையை ஊன்றி, மறுபடி எழுந்து, மறுபடி படுத்து வளர்ந்தவை. அடிமரத்தின் பட்டை நாராக உரிந்து தொங்குகிறது. உலர்ந்த கிளைகள் வெயிலில் வெளுத்து எலும்பு நிறம் கொண்டிருக்கின்றன. மணல் விலகிய இடத்தில் வேர்கள் பல கஜ தூரத்துக்கு வெளியே தெரிகின்றன. அந்த வேர்கள் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் மேடு மேடாக நிற்கிறது. வேர் போனால் மேடும் போகும், மேட்டுக்குப் பின்னாலிருக்கும் நிலத்தின்மேல் உப்பும் மணலும் தாராளமாக ஏறும். மரங்களுக்கிடையே, இலையென்று ஒன்று கண்ணுக்குத் தென்படாத வெறும் மணலிலிருந்து, வெள்ளை வெளேரென்ற கடல் அல்லி தண்டோடு நேரே கிளம்பிப் பூத்திருக்கிறது. கோடையின் கடைசியில், மற்றச் செடிகளெல்லாம் கருகிக் கிடக்கும் வேளையில்தான் அது பூக்கும். பகலில் அவ்வளவாகத் தெரியாத அதன் மணம் வெயில் தாழ்ந்த பிறகு நெடுந்தூரம் வருகிறது. கரையில் நின்று வடக்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், கடலுக்கப்பால் கிரீட்டின் வெண்மலைகள் இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே எழுந்து நிற்பது தெரியும். வேறு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. குடிப்பதற்கும் ஒன்றும் கிடைக்காது. தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும், நிழலை மரத்திடம் யாசிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. மத்தியதரைக் கடலின் பண்படாத கரைகளுக்கு முதன்முதலாகச் செல்கிறவர்களில் பலர், அவை சுத்தமாக இல்லையென்று முகம் சுளிக்கிறார்கள். பழுப்பு நிறத்தில், நாடா நாடாவாகக் காய்ந்த இலைகள் அலையோரத்தில் குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடக்கும். சில இடங்களில் முழங்கால் உயரம்கூட இருக்கும். அவை குப்பையுமல்ல, கடற்பாசியுமல்ல. போசிடோனியா என்ற பூக்கும் தாவரம் கடலடியில் புல்வெளியாகப் படர்ந்து, மீனுக்குக் குஞ்சு பொரிக்க இடம் தந்து, தண்ணீரைத் தெளிவாக்கி, இலையுதிர் காலத்தில் தன் பழைய இலைகளைக் கழற்றிவிடுகிறது. குவிந்த அந்த இலைகள்தாம் மாரிக்கால அலையின் முதல் அடியை வாங்கிக்கொண்டு மணலைக் காக்கின்றன. ஹோட்டல் கரைகளில் இவற்றை இயந்திரம் கொண்டு வழித்து எடுத்துவிடுகிறார்கள். இலையோடு மணலும் வண்டி வண்டியாகப் போய்விடுகிறது. பிறகு சில வருஷங்கள் கழித்து, கரை குறுகிக்கொண்டே வருகிறதே, என்ன காரணமென்று ஆராய நிபுணர்களை அழைக்கிறார்கள். விளம்பரப் படத்திலுள்ள கரையைப் போல் துடைத்து வைத்த கரையே உயர்ந்தது என்று விருந்தாளிகள் எண்ணுகிற வரையில், வழித்தெடுக்கிற இயந்திரத்தின்மேல் மாத்திரம் பழி போடுவது முறையாகாது.

ஏகாந்தம் என்பதை இன்று நாம் காசு கொடுத்துத் தேடுகிறோம். அதே ஏகாந்தத்தைத் தண்டனையாக விதித்த காலமும் கிரேக்கத் தீவுகளுக்கு உண்டு. 1930-களில் கம்யூனிஸ்டுகளைப் பிடித்துக் கொண்டுபோய்த் தள்ளுவதற்குக் கிரேக்க அரசாங்கம் கண்டெடுத்த இடங்களில் கவ்தோஸும் ஒன்று. பிற்காலத்தில் கொரில்லாப் போர்களுக்குத் தலைமை தாங்கிப் பெயர் பெற்ற ஆரிஸ் வெலூகியோட்டிஸும் மார்க்கோஸ் வாஃபியாதிஸும் அங்கே கைதிகளாக நாள் கழித்தவர்கள். கலிப்ஸோ தேவதை ஒடிஸியுஸை ஏழு வருஷம் பிடித்து வைத்திருந்த தீவு இதுதான் என்று ஒரு பழைய ஐதீகம் சொல்கிறது. ரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட பவுல் அப்போஸ்தலரின் கப்பல், புயலில் சிக்கி, இதன் மறைவில் சற்றே ஒதுங்கிப் போனதாக விவிலியம் சொல்கிறது. விரும்பி வந்தவர்களைக் காட்டிலும் வேறு வழியின்றி வந்தவர்களையே அதிகம் கண்ட தீவு போலும். அண்மை வருஷங்களில் லிபியாவின் தோப்ருக் துறையிலிருந்து கிளம்பும் ஓட்டைப் படகுகள் எகிப்தியரையும் சூடானியரையும் வங்காளதேசத்தாரையும் பாகிஸ்தானியரையும் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைகளையே நோக்கி வருகின்றன. 2024 டிசம்பரில் கவ்தோஸுக்கு அருகே அப்படியொரு படகு மூழ்கி உயிர்கள் போயின. வந்தவர்களுக்கு உணவும் உலர்ந்த துணியும் கொடுக்க முந்திக்கொண்டவர்கள், தங்களுக்கே குறைவாக வைத்திருந்த அந்தத் தீவுவாசிகள். வெற்றுக் கரை என்றவுடனே சாந்தி, தியானம் என்று பேச ஆரம்பித்துவிடும் பிரயாணக் கட்டுரையாளர்களுக்கு இந்தச் செய்திகள் இடைஞ்சலாக இருக்கலாம். இருக்கட்டும்.

மனிதன் அடியோடு விலகிக்கொண்டால் ஒரு கரைக்கு என்ன நேரும் என்பதற்கும் அதே தேசத்தில் அத்தாட்சி இருக்கிறது. மத்தியதரைக் கடலின் துறவிக் கடல்நாய் என்னும் சீல், ஹோமர் காவியம் பாடிய நாளில் மணல்மேல் கூட்டமாகப் படுத்துறங்கிய பிராணி. வேட்டைக்காரனுக்கும் வலைக்காரனுக்கும் பிறகு உல்லாசப் படகுக்காரனுக்கும் அஞ்சி அஞ்சி, கடைசியில் பாறைக் குகைகளுக்குள் ஒளிந்து குட்டி போடுவதே வழக்கமாகிவிட்டது. ஆனால் கியாரோஸ் தீவில் இன்றும் அது திறந்த கரையில் வந்து வெயில் காய்கிறது. காரணம் விசித்திரமானது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த அந்தக் கொடுஞ்சிறைத் தீவு, 1974-இல் இராணுவ ஆட்சி கவிழ்ந்ததும் காலி செய்யப்பட்டு, பிறகு யாரும் குடியேறாமலே கிடக்கிறது. சாகிந்தோஸ் தீவின் செகானியாக் கரையை 1994-இல் உலக வனவிலங்கு நிதியம் விலை கொடுத்து வாங்கி, பெருந்தலை ஆமைகள் முட்டையிடுவதற்கென்றே ஒதுக்கி, பொதுமக்கள் இறங்கவே கூடாதென்று தடுத்துவிட்டது. மத்தியதரைக் கடலிலே அந்த ஆமைகள் மிக நெருக்கமாக முட்டையிடும் கரைகளில் அதுவும் ஒன்றாக நிலைத்திருக்கிறது. எல்லாக் கரையும் எல்லோருக்கும் பொது என்று ஜஸ்டினியனை ஆதாரம் காட்டிப் பேசிய நான், செகானியாவில் எனக்கு அனுமதி இல்லை என்பதற்காக வருந்தவில்லை. பொது உரிமை என்பதில் போகாமலிருக்கும் உரிமையும் அடக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இனி, இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுகிற ஆக்ஷேபத்துக்கு வருகிறேன், அது இலேசானதல்ல. வெளியூர்க்காரன் வருஷத்தில் சில தினங்கள் நிம்மதியாக நீந்திவிட்டுப் போவதற்காக, உள்ளூர்க்காரன் ஆயுள் முழுவதும் ஆடும் தேனும் நம்பிக் காலம் தள்ள வேண்டுமா? பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்கும் கிரீட்டுக்கோ ஏதென்ஸுக்கோ போய்விட, கிழவர்கள் மட்டும் வீட்டுத் திண்ணைகளில் மிஞ்சியிருக்கும் ஊரில், நாலு குடை நட்டு நாலு காசு பார்க்க ஒருவன் ஆசைப்பட்டால், அது குற்றமா? குற்றமல்ல. ஆனால் குடை நடுகிறவன் பெரும்பாலும் அந்தக் கிழவரின் மகனாக இருப்பதில்லை என்பதைத்தான் பாரோஸ்வாசிகளின் கிளர்ச்சி எடுத்துக்காட்டிற்று. குத்தகை கைமாறிக் கைமாறி, பணமும் ஆள்பலமும் உள்ள முதலாளிகளிடம் போய்ச் சேருகிறது, உள்ளூர்ப் பையன் அவர்களிடம் தட்டு ஏந்தும் வேலைக்குச் சேருகிறான். கவ்தோஸுக்கு வருகிறவன் மணலின்மேல் செலவழிக்க ஒன்றும் இல்லாதபடியால், ஊருக்குள் வந்து, வீட்டறையை வாடகைக்கு எடுத்து, அந்த வீட்டுக்காரரின் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர் தோட்டத்துத் தேனை ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போகிறான். கரை வெறுமையாக இருக்க, வருமானம் கரைக்குப் பின்னாலிருக்கும் ஊரில் தங்க வேண்டும் என்பதே நியாயமான ஏற்பாடு. கரை நிறைந்துவிட்டால், வந்தவன் ஊரைப் பார்க்காமலே திரும்பிப் போய்விடுவான். வசதிகள் வேண்டுமென்று விரும்புகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கென்று கடலோர விடுதிகள் அந்த நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மிச்சமிருக்கிற சிலவற்றையும் அவர்களுடைய சௌகரியத்துக்காக மாற்ற வேண்டுமென்று கேட்பதுதான் அநியாயம்.

முதலாளிகளைச் சாடிவிட்டு ஏகாந்தப் பிரியர்களைத் தப்பவிடுவது பட்சபாதமாகும். கவ்தோஸின் கரைகளில் கோடைதோறும் ஜூனிப்பர் நிழலில் கூடாரமடித்து வாரக்கணக்காகத் தங்குகிறவர்கள் உண்டு. ஆடையைக்கூட நாகரிகத்தின் விலங்கென்று கழற்றிப் போட்டுவிட்டுத் திரிகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். இயற்கையை அவர்களைப் போல் புகழ்கிறவர்கள் இல்லை. அந்த மரமோ மெதுவாக வளரும் ஜாதி. விதைகளில் பல பொக்கு. நல்ல விதையும் முளைக்க நெடுநாள் எடுக்கும். முளைத்த நாற்று, ஒரு மனிதன் தன் கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் இடையே தினமும் ஒரே தடத்தில் நடந்தாலே மடிந்துவிடும். உலர்ந்து கிடக்கிறதே என்று ஒடித்து எரிக்கிற கிளையில் பாதி உயிர் இருக்கும். அடிமரத்தைச் சுற்றி மணலைப் பறித்துத் திண்ணை போட்டு, கல் அடுக்கி, கயிறு கட்டி, வீடு மாதிரி ஆக்கிக்கொண்ட ஒரு மரத்தை நான் பார்த்தேன். அதன் ஒரு பக்கத்து இலைகள் முழுவதும் பழுத்துவிட்டன. கிரீட்டிலும் அதைச் சேர்ந்த தீவுகளிலும் இந்த மணல்மேட்டு மரங்களைக் காப்பதற்காகவே 2009-இல் ஐரோப்பிய யூனியனின் உதவியுடன் 'ஜூனிகோஸ்ட்' என்ற திட்டம் தொடங்கி, நாற்று நட்டு, தடுப்பு வைத்து, அறிவிப்புப் பலகைகளும் நிறுத்தினார்கள். பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பவர்கள் எங்கும் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியாததல்ல.

கண்ட இடத்தில் கூடாரமடிப்பது கிரேக்கச் சட்டப்படி குற்றம். கவ்தோஸில் அது பல வருஷங்களாகக் கண்டும் காணாமல் விடப்பட்டு வருகிறது. இந்த இரண்டுங்கெட்டான் நிலைமையால் யாருக்கும் நன்மையில்லை. தடை இருப்பதால் கழிப்பறை கட்ட முடியாது. கட்டினால் கூடாரத்தை அங்கீகரித்ததாகும். கூடாரம் இருப்பதால் தடையும் உண்மையில் இல்லை. மணல்மேட்டுக்கு வெகு பின்னால், சாலை முடிகிற இடத்தருகே, இத்தனை கூடாரம்தான் என்று கணக்கு வைத்து ஓர் இடத்தை ஒதுக்கி, தண்ணீர் வேண்டாத உலர்கழிப்பறைகள் அமைத்து, விறகு பொறுக்குவதை அறவே தடுத்து, மரங்களுக்கிடையே நடப்பதற்கு ஒற்றை வழி ஒன்றைக் கயிறு கட்டிக் காட்டி, அதற்கெல்லாம் ஆகும் செலவை ஊராட்சி அந்தக் கூடாரவாசிகளிடமிருந்தே வசூலித்துக்கொள்ளலாம். இயற்கையின் மடியில் உறங்கக் கட்டணமா, இது சுதந்திரத்துக்கே விரோதமல்லவா என்று அவர்கள் வாதாடக்கூடும். கூடாரங்களுக்குப் பின்னால், புதர் மறைவில், காற்றில் படபடத்துக்கொண்டிருந்த காகிதங்களைப் பார்த்த பிறகு அந்த வாதத்தைப் பெரிதாக மதிக்க நான் தயாராக இல்லை.